ஞானம் தேடிப் போகிறவனை நாவலில் எழுதுவது

ஆன்மீகத் தேடல் நாவல் எழுத உட்காருகிறவர்கள் எல்லாரும் பயப்படுவது கடைசி இருபது பக்கங்களைப் பற்றி. ஞானம் கிடைத்ததை எப்படிச் சொல்வது, சொன்னால் வாசகர் நம்புவாரா என்று. பயம் நியாயமானதுதான். ஆனால் இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் கவிழ்வது முதல் ஐம்பது பக்கங்களுக்குள். நாயகன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். அம்மா ஒரு வரியில் அழுகிறாள், அப்பா ஒரு வரியில் கோபப்படுகிறார், அடுத்த அத்தியாயத்தில் பையன் மலையடிவாரத்தில் நிற்கிறான். இதற்குப் பிறகு அவன் எதைக் கண்டடைந்தாலும், அதற்கு என்ன விலை கொடுத்தான் என்பது வாசகருக்குத் தெரியாது.

விலை என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். புதையல் கதையில் பெட்டியைத் திறந்து தங்கத்தைக் காட்டிவிடலாம். துப்பறியும் கதையில் கொலையாளியின் பெயரைச் சொல்லிவிடலாம். இங்கே பெட்டிக்குள் இருப்பது எழுத்தில் ஏறாது. வாசகரால் அளக்க முடிவது அதற்காக யார் யார் எதை எதை விட்டார்கள் என்பதை மட்டும்தான். வீடு துறத்தல், ஏற்க மறுக்கும் குரு, ஆசை காட்டும் சோதனை, பாதி வழியில் வீழ்ச்சி, வேறு பாதையில் பிரியும் நண்பன், திரும்பி வருதல் என்று இந்தக் கதைகளில் காலங்காலமாக வரும் உத்திகள் எல்லாமே அந்தக் கணக்கை வாசகர் கண்ணில் படவைக்கத்தான் இருக்கின்றன என்பது என் வாசிப்பு. கணக்கிலிருந்து கழன்றுபோன உத்தி வெறும் சடங்கு.

கிளம்பும் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' (1922) இரண்டு பாகம், மொத்தம் 12 அத்தியாயம் கொண்ட சிறிய நாவல். அதில் முதல் அத்தியாயத்தின் இறுதிப் பகுதி முழுக்க ஒரே இரவு. மகன் அனுமதி கேட்டுக் கைகட்டி நிற்கிறான். தந்தைக்குத் தூக்கம் வரவில்லை. மணிக்கு ஒரு தரம் எழுந்துவந்து சன்னல் வழியே பார்க்கிறார். நின்ற இடத்தில் நிற்கிறான். தந்தைக்கு முதலில் கோபம், பிறகு கலக்கம், பிறகு வேதனை. விடியும்போது மகனின் முழங்கால் நடுங்குகிறது, முகம் நடுங்கவில்லை. அப்போதுதான் தந்தைக்குப் புரிகிறது, இவன் ஏற்கெனவே போய்விட்டான் என்று. தத்துவம் ஒரு வரிகூட இல்லை. முழங்காலும் சன்னலும்தான்.

இந்தக் காட்சி அதோடு முடிந்திருந்தால் நல்ல காட்சி என்ற அளவில் நின்றிருக்கும். பத்தாவது அத்தியாயத்தில் சித்தார்த்தனின் சொந்த மகன் அவனைத் திட்டிவிட்டு ஓடிப்போகிறான். தந்தை நின்ற இடத்தில் இப்போது இவன் நிற்கிறான். அடுத்த அத்தியாயத்தில் ஆற்று நீரில் தெரியும் தன் முகம் தந்தையின் முகத்தைப் போல இருப்பதைப் பார்க்கிறான். முதல் அத்தியாயத்தில் வாங்கிய கடனுக்கு ஒன்பது அத்தியாயம் கழித்து வட்டியோடு ரசீது வருகிறது. கிளம்பும் காட்சியை எழுதும்போதே இந்த ரசீது எந்த அத்தியாயத்தில் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கிளம்பும் காட்சிக்குள் மூன்று பாக்கி வைப்பது நல்ல வழி. ஒன்று ஒரு மனிதரோடு, ஒன்று ஒரு பொருளோடு, ஒன்று ஒரு தேதியோடு. தங்கையிடம் சொல்லாமல் போகிறான். அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்துப்போகிறான். மூன்று மாதத்தில் கட்டவேண்டிய ஒரு தவணை அவன் பெயரில் இருக்கிறது. இவற்றில் ஒன்று நாவலின் மூன்றில் இரண்டு பங்கு தாண்டுவதற்குள் அவனைத் தேடிவர வேண்டும். மூன்றும் வந்தால் திட்டமிட்டது வெளியே தெரிந்துவிடும். ஒன்றுமே வராவிட்டால் அவன் காற்றிலிருந்து கிளம்பினவன். கூடவே, அவன் போன மறுநாள் காலை அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு நானூறு சொல்லில் எழுதிப் பாருங்கள். நாவலில் சேர்க்க வேண்டியதில்லை. அந்தக் காலைப்பொழுது எழுத வரவில்லை என்றால் வீடு இன்னும் உருவாகவில்லை என்று அர்த்தம்.

பெண் கிளம்பினால் கணக்கே வேறு என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். அவன் போனால் வீடு காத்திருக்கும், அவள் போனால் கதவைச் சாத்திவிடும். ஆண் நாயகனுக்குப் போட்ட வரைபடத்தில் பெயரை மட்டும் மாற்றி எழுதிய நாவல்கள் திரும்பிவரும் கட்டத்தில் திணறுவது இதனால்தான். அவளுக்குத் திரும்பி வர இடமே இருக்காது. அதை முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துகொண்டுதான் அவள் படி இறங்க வேண்டும்.

அடுத்த சிக்கல் வரைபடம். ஜோசப் கேம்பல் 1949இல் வெளியிட்ட நாயகப் பயண வரைபடம் 17 கட்டங்களை மூன்று பிரிவாக அடுக்குகிறது: புறப்பாடு, தீட்சை, மீட்சி. திரைக்கதைப் பயிலரங்குகளில் அதைச் சுருக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சாகசக் கதைக்கு அது ஒத்துவரும். அங்கே ஒவ்வொரு தடையைத் தாண்டும்போதும் நாயகனிடம் ஏதோ கூடுகிறது, வலிமையோ ஆயுதமோ துணையோ. தேடல் கதையில் ஒவ்வொரு வெற்றியும் அகங்காரத்துக்குத் தீனி. பத்து நாள் பட்டினி இருக்கக் கற்றவன், பத்து நாள் பட்டினி இருக்கத் தெரிந்தவன் என்ற பெருமையையும் சேர்த்துத்தான் கற்கிறான். ஆகவே கோடு ஏறக்கூடாது, இறங்க வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் 'இவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது' என்று ஓரத்தில் குறித்துவையுங்கள்: பணம், பெயர், திறமை, நம்பிக்கை, பிடித்தமான நூல், தன்னைப் பற்றிய அபிப்பிராயம். பட்டியல் குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள். நடுவில் ஓர் இடத்தில் கூடலாம், அதுதான் வீழ்ச்சி அத்தியாயம். சித்தார்த்தனும் இரண்டாம் பாகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களில் காதல், வணிகம், சூதாட்டம் என்று வாங்கிக் குவிக்கிறான்.

ஆசை காட்டும் காட்சியில் பெரும்பாலானோர் செய்யும் தவறு, ஆசையை அசிங்கமாக எழுதுவது. குடிகார நண்பர்கள், பேராசைக்கார வியாபாரி, மயக்கப் பார்க்கும் பெண். இதையெல்லாம் மறுக்க ஞானம் தேவையில்லை, கொஞ்சம் நாகரிகம் போதும். கட உபநிடதத்தில், தந்தை கோபத்தில் யமனுக்குக் கொடுத்துவிட்ட சிறுவன் நசிகேதனுக்கு முன்னால் யமன் வைப்பதைப் பாருங்கள். நூறாண்டு வாழும் பிள்ளைகள், பேரர்கள், கால்நடை, யானை, பொன், குதிரை, விரிந்த நிலம், வேண்டுமட்டும் ஆயுள், தேரும் இசையுமாக அழகிய பெண்கள். ஒன்றும் மட்டமில்லை. எல்லாம் மனிதர்கள் நேர்மையாக ஆசைப்படக்கூடியவை. மரணத்துக்குப் பின் என்ன என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காதே என்று கொடுப்பவனே கெஞ்சுகிறான். அத்தனையும் நாளை வரைதான், குதிரையும் ஆட்டபாட்டமும் உன்னிடமே இருக்கட்டும் என்று பையன் சொல்லும்போது நமக்கு உறைக்கிறது. வாசகரே 'ஏற்றுக்கொள்ளப்பா' என்று ஒரு கணம் நினைத்துவிடும்படி ஆசை இருக்க வேண்டும்.

அந்தக் கதையின் அமைப்பிலும் ஒரு பாடம் உண்டு. மூன்று வரங்களில் முதல் வரம் தந்தையின் கோபம் தணிய வேண்டும் என்பது. பெரிய கேள்விக்குப் போகும் முன் வீட்டுப் பாக்கியைத் தீர்த்துக்கொள்கிறான். எமன் வீட்டில் மூன்று இரவு சாப்பிடாமல் காத்திருந்ததற்கு ஈடாகத்தான் மூன்று வரம். காத்திருப்பு, அதற்கேற்ற பலன், சிறிய கேள்வியிலிருந்து பெரிய கேள்வி என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது, எதுவும் சும்மா கிடைப்பதில்லை.

குருவுக்கு வருவோம். நாவல் குருமார்கள் அதிகம் பேசுகிறார்கள், அதுவும் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டு. தமிழில் இதோடு இன்னொரு தொல்லை உண்டு: மற்ற எல்லாரும் பேச்சுத் தமிழில் பேச, குரு மட்டும் திடீரென்று எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுவார். 'மகனே, நீ தேடுவது உன்னுள்ளேயே உள்ளது' என்று அவர் தொடங்கியதும் காட்சியில் ஆள் காணாமல் போய் ஒலிபெருக்கி மட்டும் மிஞ்சுகிறது. அவரும் பேச்சுத் தமிழே பேசட்டும். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள், கையை ஈடுபடுத்தும் வேலை. ஹெஸ்ஸேயின் வாசுதேவன் படகோட்டி, கேட்பதில்தான் வல்லவன், பேச்சு குறைவு. ஒரு தடவைக்கு மூன்று வாக்கியம் என்ற வரம்பு போட்டுக்கொண்டால் குரு தானாகவே சரியாகிவிடுவார். சீடனை முதலில் மறுக்கும் மரபையும் கைவிட வேண்டாம், காரணத்தை மட்டும் மாற்றுங்கள். 'நீ இன்னும் பக்குவப்படவில்லை' என்பது தேய்ந்துபோன மறுப்பு. 'படுக்க இடமில்லை', 'கூரை ஒழுகுது, அதைப் பார்த்துட்டு வர்றேன், அப்புறம் பேசலாம்' என்பது மறுப்பாகவும் நிற்கும், அவருக்கு ஒரு வேலையாகவும் ஆகும். உலகியல் விஷயம் ஒன்றிலாவது குரு தப்பாகக் கணிக்கட்டும். எல்லாவற்றிலும் சரியாக இருக்கும் குருவை வாசகர் சந்தேகிக்க மாட்டார். சந்தேகமே எழாத குருவை நாயகன் விட்டுவிலகும்போது எந்த அதிர்வும் இருக்காது.

தத்துவ விவாதத்தை எங்கே வைப்பது? தமிழில் இதற்கு முன்னோடி ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. மணிமேகலையின் 30 காதைகளில் 27ஆவது, சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை. வஞ்சியில் மணிமேகலை ஆண் துறவி வடிவில் போய் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை பத்துத் தரப்பாரையும் கேட்கிறாள். பெரும்பகுதி அவர்கள் சொல்ல இவள் கேட்பதுதான். தருக்கம் தெரிந்தவர்களுக்கு விருந்து. கதைக்காக வந்தவருக்குக் கடினமான நடை. ஆனால் கடைசியில் பூதவாதியிடம் மட்டும் அவள் மடக்குகிறாள். கண்ணால் கண்டதைத் தவிர மற்றதை ஏற்கமாட்டேன் என்பவனிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று ஒரே கேள்வி. முற்பிறவி நினைவோடு வந்து நிற்கும் பெண், தாயை விட்டுப் பிரிந்துவந்த பெண், அந்த இடத்தில் தாயை எடுத்துக் கேட்பதால் அது வெறும் வாதமாக நிற்கவில்லை.

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) நாவலின் நடுப்பாகமான கௌஸ்துபத்தில் ஞானசபை விவாதம் பக்கம் பக்கமாக வருகிறது. அதை வாசிக்கவைப்பது வாதத்தின் கூர்மை மட்டுமில்லை, சபையில் யார் வெல்கிறார் என்பதில் அதிகாரம் தொங்குகிறது. விவாதத்தை எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதில் தோற்றவர் இரவு எங்கே படுப்பார்? அவர் வாழ்க்கையில் எதுவும் மாறாது என்றால் அது கட்டுரை, நாவலுக்கு வெளியே போட்டுக்கொள்ளலாம். நீளத்துக்கு ஓர் எல்லையும் வேண்டும். இருநூற்றைம்பது சொல்லுக்கு மேல் கருத்து மட்டும் ஓடினால் நடுவில் ஒரு கை நகர வேண்டும், ஒருவர் எழுந்து போக வேண்டும், யாராவது தவறாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

சாமர்செட் மாம் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டார். 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' (1944) ஆறாம் பகுதியின் தொடக்கத்தில், இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போனாலும் கதை அறுந்துவிடாது, இது பெரும்பாலும் நாயகன் லாரியோடு நான் பேசிய ஓர் உரையாடல்தான் என்று கதைசொல்லியே வாசகருக்குச் சொல்லிவிடுகிறார். தலைப்பே கட உபநிடதத்தில் வரும் கத்திமுனை வரியிலிருந்து எடுத்தது. 1938இல் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்த்தவர் மாம். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பகுதியைத் தாண்டலாம் என்கிறார். தந்திரம்தான், தாண்டலாம் என்றதும் யாரும் தாண்டுவதில்லை.

அதைவிடப் பெரிய தந்திரம் கதைசொல்லியை வெளியே வைத்தது. தேடுகிறவன் லாரி, சொல்கிறவர் விருந்துக்கும் வம்புக்கும் ஆசைப்படும் ஓர் எழுத்தாளர். தேடுபவனே தன்மையில் சொன்னால் கடைசியில் மாட்டிக்கொள்வான்: 'நான்' கரைந்துவிட்டது என்று சொல்லும் 'நான்' யார்? இதற்குப் பதில் எழுதப் போய் நாவல் பிரசங்கமாகிவிடும். சாட்சி ஒருவர் சொன்னால் அந்தச் சிக்கலே எழாது. 'சித்தார்த்தா' படர்க்கையில் ஓடும் நாவல். பதினொரு அத்தியாயம் சித்தார்த்தனைத் தொட்டபடி வந்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் நண்பன் கோவிந்தனின் கண்ணுக்கு மாறிவிடுகிறது. நெற்றியில் முத்தமிடும்போது அந்த முகத்தில் ஓராயிரம் முகங்கள் ஓடுவதைக் காண்பவன் கோவிந்தன்தான். சித்தார்த்தனுக்கு உள்ளே என்ன என்பதைப் பற்றி ஹெஸ்ஸே அங்கே வாயைத் திறப்பதில்லை. நாவலை நடுவில் நெடுநாள் நிறுத்திவைத்திருந்து முடித்தவர் அவர்; இந்த இடமாற்றம் யோசித்துச் செய்ததாகத்தான் படுகிறது.

சாட்சி வெறும் காமிராவாக இருக்கக்கூடாது. தேடுபவனிடம் அவருக்கு ஏதாவது வரவேண்டியிருக்க வேண்டும், கடனோ காதலோ பொறாமையோ. ஓர் இடத்திலாவது அவனைத் தப்பாக எடைபோட வேண்டும். இருவரும் அடிக்கடி சந்திக்கவும் கூடாது. நாவல் முழுக்க ஐந்தாறு சந்திப்பு போதும். இடைவெளிகளை ஊர்ப்பேச்சும் கடிதமும் நிரப்பட்டும். வருடங்கள் ஓடியதைச் சொல்லவும் இது வசதி. 'பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன' என்று எழுதுவதைவிட, போன சந்திப்பில் தொட்டிலில் இருந்த குழந்தை இப்போது எதிர்த்துப் பேசுகிறது என்று காட்டினால் முடிந்தது.

இனி பயப்படும் அந்தக் காட்சி. பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் இப்படி இருக்கும்:

'எல்லையற்ற ஒளிவெள்ளத்தில் அவன் கரைந்தான். சொல்லொணாப் பேரானந்தம் அவனை ஆட்கொண்டது. நானுமில்லை, நீயுமில்லை, எல்லாம் ஒன்றாயிற்று.'

இதில் ஒரு சொல்கூட அவனுடையது இல்லை. யாருடைய நாவலிலும் பொருந்தும். அதே காட்சியை இப்படி வைத்துப் பார்க்கலாம்:

'வாளி பாதி ஏறியிருந்தது. கயிற்றைப் பிடித்தபடி நின்றான். பிடித்திருப்பது யார் கை என்று பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒரு அம்மா, "இறைக்கிறியா, நகர்றியா?" என்றாள். கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். செருப்பு கிணற்றடியிலேயே கிடந்தது.'

என்ன நடந்தது என்று சொல்லவில்லை. நடந்த பிறகு செருப்பு தேவைப்படவில்லை என்பது மட்டும் தெரிகிறது. இந்தக் காட்சி அறுநூறு சொல்லைத் தாண்டினால் எங்கோ விளக்கம் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். நுழைவாசல் சாதாரண வேலையாக இருக்கட்டும். வெளியே வந்ததும் உடம்பு தன் வேலையைக் காட்டட்டும்: பசி, குளிர், கால் மரத்துப்போதல். ஒளி, அலை, கடல், வெளி என்ற நான்கு சொற்களையும் தடைசெய்துவிட்டு எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. கனவை நாவல் முழுக்க ஒரு தடவைக்கு மேல் செலவழிக்க வேண்டாம். தற்செயலும் அப்படித்தான்: வழி தவறுவதற்குத் தற்செயல் உதவலாம், வழி கிடைப்பதற்கு உதவக்கூடாது.

இதற்குப் பிறகு தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் ஒரு சோதனை காத்திருக்கிறது. இதுவரை 'அவன்'. இனிமேல் 'அவர்' ஆவாரா? பல நாவல்களில் அனுபவம் நிகழ்ந்த மறுநாள் காலையிலிருந்து கதைசொல்லி சத்தமில்லாமல் 'அவர்' போட ஆரம்பித்துவிடுவார். அந்த நொடியில் எழுத்தாளர் பக்தராகிவிட்டார், வாசகர் தனியாக விடப்பட்டார். கதைசொல்லி கடைசி வரை 'அவன்' என்றே சொல்லட்டும். மாறுவது பாத்திரங்களின் வாயில் மாறட்டும், அதுவும் ஒவ்வொருவராக. முதலில் முன்பின் தெரியாதவர்கள் 'அவரு அங்க உக்காந்திருக்காரு' என்பார்கள். பழைய நண்பன் 'வாடா' என்று தொடங்கி நடுவில் தடுமாறி, பெயரும் சொல்லாமல் விகுதியும் போடாமல் வாக்கியத்தை முடிக்கப் பார்ப்பான். அம்மா மட்டும் 'அவன் சாப்பிட்டானா?' என்று கேட்டுக்கொண்டிருப்பாள். தம்பி வேண்டுமென்றே மரியாதை விகுதி போட்டால் அது மரியாதையா குத்தலா என்று தெரியக்கூடாது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடைக்காத கருவி இது. நாம் அதைப் பெரும்பாலும் கவனிக்காமலே செலவழித்துவிடுகிறோம்.

நீண்ட பயணக் கதையில் நடுப்பகுதி தொய்வது தனிக்கதை. சீனத்தின் 'மேற்கு நோக்கிய பயணம்' நூறு அத்தியாயம், 81 இன்னல்கள். 49ஆவது அத்தியாயத்தில் ஒரு முதிய ஆமை, புத்தரின் சுவடிகளைத் தேடிப் போகும் துறவியையும் சீடர்களையும் ஆற்றைக் கடத்திவிட்டு, தான் எப்போது மனிதப் பிறவி எடுப்பேன் என்று புத்தரிடம் கேட்டுவரச் சொல்கிறது. துறவி மறந்துவிடுகிறார். 99ஆவது அத்தியாயத்தில், சுவடிகளோடு திரும்பும் வழியில், கணக்கு எண்பதுதான் ஆகிறது, ஒன்று குறைகிறது என்று தெரியவருகிறது. அதே ஆமை வருகிறது, கேட்டாயா என்கிறது, கேட்கவில்லை என்று தெரிந்ததும் எல்லாரையும் சுவடிகளோடு ஆற்றில் தள்ளிவிடுகிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகு வரும் அந்த ஒரு மறதிதான் துறவியை மனிதனாக மிச்சம் வைக்கிறது. நடுப்பகுதியில் வரும் ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் இப்படி ஏதாவது கேட்டு அனுப்புகிறாரா என்று பார்க்க வேண்டும். யாரும் எதுவும் கேட்காத ஊரை வெட்டிவிடலாம், நாவலுக்கு வலிக்காது.

முடிவின் அளவுக்கு, மேய்ப்பவன் காளையைத் தேடிப்போவதை ஞானத் தேடலாகக் காட்டும் ஜென் மரபின் பத்துக் காளைப் படங்களை அளவுகோலாக வைத்துக்கொள்வேன். எட்டாவது படம் வெறும் வட்டம். காளையும் இல்லை, மேய்ப்பவனும் இல்லை. நம் ஆட்கள் பெரும்பாலும் நாவலை அங்கே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு படம் இருக்கிறது, பத்தாவதில் அவன் சந்தைக்கு வருகிறான். கணக்குப் போட்டால் எண்பதாயிரம் சொல் நாவலில் வட்டத்துக்குப் பிறகு பதினாறாயிரம் சொல் வருகிறது. அவ்வளவு வேண்டாம் என்றாலும் எட்டாயிரமாவது வேண்டும், ஏனென்றால் பழைய பாக்கிகள் வசூலாகும் இடம் அதுதான். தங்கை பேசமாட்டாள். கடிகாரம் யார் கைக்குப் போனது என்று தெரியவரும். தவணையை யாரோ கட்டி முடித்திருப்பார்கள்.

திருத்தும்போது பிரதியை இருவரிடம் கொடுங்கள்: நம்பிக்கை உள்ளவர் ஒருவர், துளியும் இல்லாதவர் ஒருவர். கருத்துக் கேட்க வேண்டாம், எந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனார்கள் என்று மட்டும் ஓரத்தில் கோடு போடச் சொல்லுங்கள். நம்பாதவர் தாண்டிய இடத்தில் பெரும்பாலும் பிரசங்கம் இருக்கும். நம்புகிறவர் தாண்டிய இடத்தில் வீடு இருக்கும், அதை வெட்டாமல் திரும்ப எழுத வேண்டும். இருவரும் தாண்டியதை யோசிக்காமல் எடுத்துவிடலாம்.